வீட்டு சர்வரில் போர்ட் ஸ்கேன்: எதைத் தடுப்பது, எதை விட்டுவிடுவது

கேள்வி: வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் போட்டு, குடும்பப் படங்களுக்கு இம்மிச்சும் சினிமாவுக்கு ஜெல்லிஃபினும் டாக்கரில் (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் ஏற்பாடு) ஓட்டுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் 22, 8096, 2283 ஆகிய மூன்று போர்ட்டையும் ஃபார்வர்ட் செய்திருக்கிறேன். லாக்கைத் திறந்தால் யார் யாரோ 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் நுழையப் பார்க்கிறார்கள். ஐபியை பிளாக் செய்தால் வேறு ஐபியிலிருந்து வருகிறார்கள். இந்த போர்ட் ஸ்கேனை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்த முடியாது. போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவையும் கேட்டுக்கொண்டிருக்கும் எண்ணிட்ட வாசல்; எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் ஸ்கேன். பொது ஐபி முகவரி ஒன்று உங்களிடம் இருக்கும் வரை யாராவது வந்து தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரே ஒரு கணினியும் ஒரு ஜிகாபிட் இணைப்பும் இருந்தால் இணையம் முழுவதும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அடுத்த ஆண்டே 10 ஜிகாபிட் இணைப்பில் அந்த நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் எடுக்கிற யாரும் இன்று இதைச் செய்யலாம். ஷோடான், சென்சிஸ் போன்ற தேடல் சேவைகள் இதையே வெளிப்படையாகத் தொழிலாகச் செய்கின்றன. உங்கள் லாக்கில் இருப்பவர்களில் ஒரு பங்கு இப்படி எண்ணிக்கை எடுக்க வந்தவர்கள்; மீதி பெரும்பாலும் வேறு யாருடைய வீட்டிலோ ஏற்கெனவே நச்சு நிரலிடம் பிடிபட்ட கேமராவும் ரூட்டரும்தான். அவற்றின் ஐபியை ஒவ்வொன்றாக பிளாக் செய்துகொண்டிருந்தால் ஆயுசுக்கும் முடியாது.

ஆகவே கேள்வியை வேறு மாதிரிப் போட்டுக்கொள்வோம். தட்டுகிறவனுக்கு உங்கள் வீட்டில் எது பதில் சொல்கிறது? அந்தப் பதில்களை எவ்வளவு குறைக்கலாம்?

ஒரு போர்ட்டைத் தட்டுவது என்றால், 'இணைப்பு வேண்டும்' என்று ஒரு சின்ன பேக்கெட் அனுப்புவது. அதன் பெயர் சின். கேட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் சின்-ஆக் என்று பதில் வரும், போர்ட் திறந்திருக்கிறது. கணினி இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்றால் ஆர்எஸ்டி வரும், மூடியிருக்கிறது. ஃபயர்வால் பேக்கெட்டை விழுங்கிவிட்டால் ஒன்றுமே வராது. ஸ்கேன் செய்யும் கருவியான என்மேப் இதை 'ஃபில்டர்ட்' என்று காட்டும். பின்னிரண்டில் எது நல்லது என்று மணிக்கணக்காக வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு ஆபத்து வருவது முதலாவதில்தான், அதுவும் அந்த போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளைப் பொறுத்து.

சரி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் இன்று இரவே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தோற்றுப்போன முயற்சிகளைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஜெயித்தவற்றை. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி, போர்ட் 22) லாக்கில் 'அக்செப்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த வரிகளில் இருக்கும் ஐபியும் நேரமும் எல்லாம் உங்களுடையவைதானா? 'லாஸ்ட்' கட்டளை காட்டும் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத நுழைவு இருக்கிறதா? உங்கள் பயனர் கணக்கிலும் ரூட் கணக்கிலும் 'ஆத்தரைஸ்ட் கீஸ்' கோப்பை (பாஸ்வேர்டுக்குப் பதில் நுழைய அனுமதிக்கும் கீகளின் பட்டியல்) திறந்து, நீங்கள் போடாத கீ எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான க்ரானையும் ஒரு பார்வை பாருங்கள். சந்தேகமாக ஒன்று தென்பட்டாலும் சுத்தம் செய்து காப்பாற்றப் பார்க்காதீர்கள். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். உள்ளே வந்தவன் எங்கெல்லாம் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று பின்னால் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

அது தெளிவானதும், சர்வரில் எது எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். எஸ்எஸ் என்ற கட்டளையை, நிர்வாக உரிமை தரும் சுடோவோடு, டி, யு, எல், பி, என் என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துப் போட்டால் (sudo ss -tulpn) வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் போர்ட்டுக்கு முன்னால் இருக்கும் முகவரிதான் விஷயம். 127.0.0.1 என்றால் அந்தக் கணினிக்குள்ளேயே பேசிக்கொள்வது, கவலை இல்லை. 0.0.0.0 என்றோ இரண்டு முக்காற்புள்ளிகளோ இருந்தால் யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லும் என்று அர்த்தம்.

இங்கேதான் டாக்கர் வைத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ-வில் 'உள்ளே வருவதெல்லாம் மறு' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் டாக்கர் ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. பேக்கெட் யுஎஃப்டபிள்யூ-வின் விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். இது ஒளிவுமறைவான விஷயம் இல்லை, டாக்கரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு. கன்டெய்னர்களின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் போர்ட் வரியை வெறும் 8096:8096 என்று எழுதாமல், முன்னால் முகவரியையும் சேர்த்து 192.168.1.10:8096:8096 என்று எழுதுங்கள். அந்த இடத்தில் உங்கள் சர்வரின் உள்வீட்டு முகவரியைப் போட வேண்டும், அது மாறாமல் இருக்க ரூட்டரிலோ சர்வரிலோ நிலையான முகவரியாக வைக்க வேண்டும். இம்மிச்சுக்குப் பின்னால் இருக்கும் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் போன்ற டேட்டாபேஸ்களுக்கு போர்ட் வரியே தேவையில்லை. கன்டெய்னர்கள் தங்களுக்குள் டாக்கர் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும். சோதனைக்காக ஒருநாள் திறந்துவிட்டு மறந்துபோன டேட்டாபேஸ் போர்ட் எவ்வளவு பெரிய வினை என்பதை 2017 ஜனவரியில் பார்த்தோம்: பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, பணம் கேட்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ரூட்டருக்கு வருவோம். மூன்று ஃபார்வர்டையும் எடுத்துவிடுங்கள். ஆமாம், மூன்றையும். அப்புறம் வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்றுதானே கேட்பீர்கள்? வயர்கார்டு.

வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கும் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய சுரங்கம். உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. காரணம் அதன் வேகமோ எளிமையோ இல்லை. அது தெரியாதவர்களிடம் பேசாது. சர்வரின் பொதுக் கீ தெரியாமல் அனுப்பும் பேக்கெட்டை அது படித்த உடனேயே கீழே போட்டுவிடும், மறுப்புகூடச் சொல்லாது. வழக்கமாக அது கேட்பது யுடிபி என்ற வகையில் 51820 என்ற போர்ட்டில். அதை ரூட்டரில் திறந்துவிட்டு வெளியிலிருந்து என்மேப் ஓட்டிப் பாருங்கள், 'திறந்திருக்கலாம், ஃபில்டரும் ஆகியிருக்கலாம்' என்றுதான் சொல்லும். ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே ஒரு சர்வர் இருக்கிறதா என்றே தெரியாது. ஆக மூன்று வாசலுக்குப் பதில் ஒன்று, அந்த ஒன்றும் ஊமை. உங்கள் போனில் வயர்கார்டு செயலியைப் போட்டு, 'அலோவ்ட் ஐபிஸ்' என்ற இடத்தில் வீட்டு நெட்வொர்க்கையும் வயர்கார்டின் உள் முகவரிகளையும் மட்டும் கொடுங்கள். அப்போது ஜெல்லிஃபினும் இம்மிச்சும் மட்டும் சுரங்கம் வழியாகப் போகும். யூடியூப் எல்லாம் வழக்கம்போல் நேராகப் போகும். எப்போதும் ஆன் செய்தே வைத்திருக்கலாம். ஆண்ட்ராய்டு டிவிக்கும் செயலி இருக்கிறது, ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டு டிவியில் ஒருமுறை நீங்கள் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

உங்கள் லாக்கில் வெளி ஐபிவி4 முகவரிகள் தெரிகின்றன என்றால் உங்களுக்குப் பொது ஐபி கிடைத்திருக்கிறது. இதைப் படிக்கும் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இருக்காது. இங்கே பல பிராட்பேண்ட் இணைப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. ரூட்டரின் வான் (வெளி இணையப்) பக்கத்தில் முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்களும் அப்படித்தான். போர்ட் ஃபார்வர்டே வேலை செய்யாது. அப்படிப்பட்டவர்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற சேவை சரியாக இருக்கும். அதுவும் உள்ளே வயர்கார்டுதான், ஆனால் இரண்டு முனைகளும் வெளியே அழைத்துச் சந்தித்துக்கொள்வதால் ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். யார் யாருடன் பேசலாம் என்ற பதிவேடு அந்த நிறுவனத்திடம் இருக்கும், அது பிடிக்காதவர்கள் அந்தப் பதிவேட்டு வேலையைச் செய்யும் ஹெட்ஸ்கேல் என்ற மென்பொருளைத் தாங்களே ஓட்டலாம்.

'ஜெல்லிஃபினில் பாஸ்வேர்ட் இருக்கிறதே, அதை மட்டுமாவது திறந்து வைத்தால் என்ன?' என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. லாஸ்ட்பாஸ் விஷயத்தைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். பாஸ்வேர்டுகளைப் பாதுகாத்துத் தருவதே தொழிலாக இருந்த அந்த நிறுவனத்துக்குள் 2022-இல் திருடர்கள் நுழைந்தார்கள். அதற்கு அவர்கள் பிடித்த வழி, ஒரு மூத்த பொறியாளரின் வீட்டுக் கணினியில் ஓடிய ப்ளெக்ஸ் மீடியா சர்வர். அதிலிருந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வெளிவந்துவிட்டது. அவர் அப்டேட் செய்யவில்லை. அந்த ஓட்டை வழியாகக் கீலாகரைப் போட்டு, அவர் தட்டச்சு செய்த மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டார்கள். சினிமா பார்க்க வைத்த மென்பொருள்தான், ஆனால் அதே கணினியில், அதே நெட்வொர்க்கில் நம் வேலையும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தைக் காட்டுவதும் ஒரு மென்பொருள்தான்; அதிலேயே ஓட்டை இருந்தால் பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. அதனால் உபுண்டுவில் தானியங்கி பாதுகாப்பு அப்டேட்டை ஆன் செய்யுங்கள், கன்டெய்னர் இமேஜ்களை மாதம் ஒருமுறையாவது கையால் புதுப்பியுங்கள். உபுண்டுவின் தானியங்கி அப்டேட் கன்டெய்னருக்குள் இருப்பதைத் தொடாது.

எஸ்எஸ்ஹெச்சை வயர்கார்டுக்குள் கொண்டுபோன பிறகும் அதை இறுக்கி வைக்க வேண்டும். கீ மட்டும்தான், பாஸ்வேர்ட் கிடையாது. எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்கம்) கான்ஃபிக் கோப்பில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்', 'கேபிடி இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன்' இரண்டுக்கும் 'நோ' கொடுங்கள். ரூட் நுழைவையும் மூடுங்கள். இதில் பலர் விழும் ஒரு பள்ளம் உண்டு. எஸ்எஸ்ஹெச்டி ஒரு விருப்பத்தை முதலில் எங்கே பார்க்கிறதோ அந்த மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும், பின்னால் எழுதியது செல்லாது. உபுண்டுவில் பிரதான கோப்பின் தலையிலேயே வேறொரு கோப்புறையைச் சேர்க்கும் வரி இருக்கிறது. அந்தக் கோப்புறையில், தொடக்க அமைப்புகளை எழுதும் க்ளவுட்-இனிட் உருவாக்கிய 50 என்று தொடங்கும் கோப்பு சில நேரம் 'பாஸ்வேர்ட் யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே 'நோ' போட்டு, மூடிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய டி எழுத்தோடு (sshd -T) ஓட்டினால் உண்மையில் நடப்பில் இருக்கும் மதிப்புகளைக் காட்டும். அதைப் பார்த்த பிறகு நம்புங்கள். மாற்றம் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டு மூடுங்கள்.

இதெல்லாம் செய்தபின் ஃபெயில்2பேன் வேண்டுமா? எஸ்எஸ்ஹெச்சைத் திறந்தே வைத்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் போடுங்கள், லாக் சுத்தமாக இருக்கும். ஆனால் அது பத்து நிமிடத்தில் ஐந்து முறை தோற்றவனைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கிற ஏற்பாடு, இயல்பு அமைப்பு அப்படித்தான். இப்போதைய போட் (தானியங்கி நிரல்) கூட்டம் ஒரு ஐபிக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் முயன்றுவிட்டு அடுத்த ஐபிக்கு மாறிக்கொள்கிறது. எஸ்எஸ்ஹெச் போர்ட்டை 22-இலிருந்து வேறெண்ணுக்கு மாற்றுவதும் சத்தத்தைத்தான் குறைக்கும். மொத்தமே 65,535 போர்ட்தான், தேடுகிறவனுக்கு அது பெரிய தூரம் இல்லை. நாடு வாரியாகத் தடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை சர்வர்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன, நம் நாட்டிலும்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஸ்கேனைக் கண்டவுடன் அந்த ஐபியைத் தானாகத் தடுக்கும் கருவிகளைப் போடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சின் பேக்கெட்டில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும். என்மேப்பிலேயே போலி முகவரிகளைக் கலந்து அனுப்பும் வசதி இருக்கிறது. யாராவது உங்கள் டிஎன்எஸ் சர்வரின் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) முகவரியைப் போட்டு நாலு பேக்கெட் அனுப்பினால், உங்கள் கருவி அதையே தடுத்துவிடும். உங்கள் வீட்டு இணையத்தை நீங்களே அறுத்துக்கொண்டதாகிவிடும்.

ரூட்டரில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: யூபிஎன்பி. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் யாரையும் கேட்காமல் ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. சித்தப்பா வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று பார்க்கப் போனபோது, ஃபார்வர்ட் பட்டியல் காலியாக இருந்தது; யூபிஎன்பி பட்டியலில் மூன்று போர்ட் திறந்திருந்தது. சிசிடிவி டிவிஆர் தானாகத் திறந்துகொண்டவை. பாஸ்வேர்ட், பெட்டியோடு வந்த அதே பாஸ்வேர்ட். வீட்டு ஹாலையும் வாசலையும் காட்டும் கேமரா அது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் அறுபது சொச்சம் இயல்பு பாஸ்வேர்டுகளை வைத்து டெல்நெட் வழியாகப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை முடக்கி, ட்விட்டர் உட்படப் பல தளங்களைக் கீழே தள்ளியது அந்தப் படைதான். யூபிஎன்பியை அணையுங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்காதபடி பாருங்கள். கேமராக்களை கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

புதிய முகவரி முறையான ஐபிவி6 பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஐபிவி4-இல் ரூட்டருக்குப் பின்னால் இருப்பதே ஒரு மறைப்பு. ஐபிவி6-இல் அது கிடையாது. உங்கள் சர்வருக்கும் டிவிக்கும் போனுக்கும் தனித்தனிப் பொது முகவரி. நடுவில் நிற்பது ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் மட்டும்தான், சில ரூட்டர்களில் அது அணைந்தே இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் /64 என்ற ஒரே முகவரித் தொகுதியிலேயே, ஐபிவி4-இன் மொத்த முகவரிகளை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அளவுக்கு முகவரிகள் உண்டு, அதனால் வரிசையாகத் தட்டிக் கண்டுபிடிப்பது நடக்காது என்பது உண்மைதான். ஆனால் நாமே விலாசத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு டொமைன் வாங்கி, அதை வீட்டு முகவரிக்குக் காட்டி, லெட்ஸ் என்கிரிப்டில் தளப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தால் அந்தப் பெயர் உடனே பொதுச் சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்தப் பதிவேட்டைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் போட்கள் இருக்கின்றன. 'இம்மிச்', 'நாஸ்' என்றெல்லாம் துணைப்பெயர் வைத்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்பதையும் நாமே அறிவித்ததாகிறது. சான்றிதழ் தேவைப்பட்டால் எல்லாத் துணைப்பெயர்களுக்கும் பொதுவான வைல்ட்கார்டாக எடுங்கள். துணைப்பெயர் வெளியே தெரியாது.

இவ்வளவும் செய்தாலும் படங்களின் இன்னொரு நகல் சர்வரோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க்கை வைத்திருந்த பலர் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது டிஸ்க் காலி. யாரோ தொலைவிலிருந்து ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். அந்தக் கருவிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-இல். 2022 ஜனவரியில் இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நிரல் பூட்டிவிட்டு, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை மறுபடி எங்கிருந்தும் எடுத்துவர முடியாது. ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, அலமாரியில் வையுங்கள்.

கடைசியாகச் சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் பொது ஐபியை ஸ்கேன் செய்யாதீர்கள். பேக்கெட் ரூட்டரிலேயே திரும்பிவிடும், விடை தவறாக வரும். போனின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக லேப்டாப்புக்குக் கொடுத்து, வயர்கார்டை அணைத்துவிட்டு, உங்கள் பொது முகவரியின் 65,535 டிசிபி போர்ட்டையும் என்மேப்பில் ஓட்டுங்கள். ஐபிவி6 முகவரியைத் தனியாக, ஆறு என்ற எண்ணோடு இன்னொரு முறை. நேரம் பிடிக்கும், விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். 'ஓபன்' என்று ஒரு வரியும் வரக்கூடாது. வந்தால் அது எந்த மென்பொருள் என்று தெரியும்வரை விடாதீர்கள். எல்லாம் சரியாக வந்த பிறகும், பிராட்பேண்ட் நிறுவனத்து ஆள் வந்து ரூட்டரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனால், யூபிஎன்பியும் ஐபிவி6 ஃபயர்வாலும் புது ரூட்டரின் இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கும். அன்றைக்கே இந்த ஸ்கேனை மறுபடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.